பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு பெட்டி: டிஜிட்டல் கிற்றார் மொடலருக்கு ஸ்பீக்கர் தேர்வது எப்படி?

சென்ற மாதம் ஒரு தம்பி தன் கிற்றாரையும், பழைய அம்பிளிபயரையும், கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய டிஜிட்டல் மொடலரையும் (அம்பிளிபயர்களின் ஒலியை நடித்துக் காட்டும் கருவி) தூக்கிக்கொண்டு திருகோணமலை உவர்மலையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. “அண்ணா, ஹெட்போனில் கேட்டால் அருமையாக இருக்கிறது. இந்தக் கிற்றார் அம்பிளிபயரில் மாட்டினால் பானைக்குள் இருந்து யாரோ கதைப்பது போல் கேட்கிறது. மொடலர் பழுதா?” என்று கேட்டார்.

முன்விறாந்தையில் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தோம். மொடலரில் ஒரு குறையும் இல்லை. அவருடைய பழைய அம்பிளிபயரும் நல்ல நிலையில்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்த விதத்தில்தான் சிக்கல். இதே சிக்கலோடு வருபவர்கள் இப்போது அதிகம். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு வாசிப்பவர்கள், மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வாசிப்பவர்கள், திருமண மண்டபங்களுக்குப் போகிறவர்கள் என்று பலரும் மொடலரை ஆசையாக வாங்கிவிட்டு, அதற்குப் பின்னால் எந்த ஸ்பீக்கரை வைப்பது என்ற இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு விளங்கும்படி இதை ஆரம்பத்தில் இருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

கிற்றார் அம்பிளிபயர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. கிற்றாரில் இருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை முதல் பகுதி வளர்த்து நிறம் கொடுக்கிறது. வேண்டுமென்றால் கரகரக்கவும் வைக்கிறது. இரண்டாவது பகுதி அதற்கு வலு சேர்க்கிறது. மூன்றாவது, ஸ்பீக்கர். இந்த மூன்றாவதைப் பலர் வெறும் வாயில் என்று நினைக்கிறார்கள். உண்மையில் நாம் விரும்பும் மின்கிற்றார் ஒலியில் பாதி அங்கேதான் உருவாகிறது. கிற்றார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 12 அங்குலக் காகிதக் கூம்பு. உயர்ந்த ஒலிகளுக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கர் அதில் இருப்பதில்லை. ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்று அளப்பார்கள்; எண் கூடினால் ஒலி உயரும். ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் அதன் சத்தம் செங்குத்தாக விழுந்துவிடும். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு இருக்கும். பாட்டுக்கு நடுவே கிற்றார் துலக்கமாகக் கேட்பது அந்த மேட்டால்தான். நல்ல இளம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கிற்றார் ஸ்பீக்கரோ அதில் கால் பங்கிலேயே நின்றுவிடுகிறது.

நிற்பது நல்லதுக்குத்தான். கிற்றார் ஒலியைக் கரகரக்க வைக்கும்போது மிக உயர்ந்த அதிர்வெண்களில் ஏராளமான மேலோசைகள் பிறக்கின்றன. காகிதக் கூம்பு அவற்றை வடிகட்டிவிட்டு இனிமையானதை மட்டும் வெளியே விடுகிறது. கரகரப்புப் பெடல் ஒன்றை நேரே மிக்சரில் மாட்டிப் பாருங்கள். தகரப் பேணிக்குள் அடைபட்ட குளவி போல இரையும். கூம்பு செய்துவந்த வேலை என்ன என்பது அப்போது காதுக்கே விளங்கும்.

மொடலர் என்பது இந்த மூன்று வேலைகளையும் கணித்துச் செய்யும் சிறு கணினி. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்புப் ‘பொட்’ வந்தபோது இந்த எண்ணம் பரவலானது. பிறகு ஃபிராக்டல், கெம்பர், ஹீலிக்ஸ், குவாட் கோர்டெக்ஸ் என்று வளர்ந்தது. இன்று சூம், மூவர், நியூக்ஸ், வலெட்டன் போன்றவற்றின் விலை குறைந்த கருவிகளிலும் ஸ்பீக்கர் பெட்டியின் போலி உண்டு. அந்தப் போலியை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பிரெட்ரிக் கோட்டை வாசல் வளைவுக்குள் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டல் ஒரு கணம்தான். அதன் பின்னால் ஒரு சின்ன வால் நீளும். அந்த வாலில் வளைவின் உயரம், கல், ஈரம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நீங்கள் நிற்பது வீட்டு அறையில் அல்ல, கல் வளைவுக்குள் என்று சொல்லிவிடலாம். கிற்றார் ஸ்பீக்கருக்கும் இதையே செய்கிறார்கள். எல்லா அதிர்வெண்ணும் அடங்கிய ஒரு சோதனை ஒலியை அதற்குள் அனுப்பி, முன்னால் வைத்த மைக்கில் பதிந்து, ஸ்பீக்கர் அந்த ஒலிக்குக் காட்டிய எதிர்வினையைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். இதை ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’ என்பார்கள், சுருக்கமாக ‘ஐ.ஆர்.’. நீளம் மிகக் குறைவு. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கருவியில் 2,048 மாதிரிகள் கொண்ட ஐ.ஆர். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்னத் துண்டுக்குள் 12 அங்குலக் கூம்பின் குணமும், மரப்பெட்டியின் குணமும், மைக் நின்ற இடமும் அடங்கிவிடுகின்றன.

இனி அந்தத் தம்பியின் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். மொடலருக்குள் ஒரு கிற்றார் ஸ்பீக்கர் ஏற்கெனவே பாடி முடித்துவிட்டது. அந்த ஒலி இன்னொரு உண்மையான கிற்றார் ஸ்பீக்கருக்குள் போகிறது. 5,000 ஹெர்ட்ஸில் ஒரு முறை வெட்டப்பட்டது மறுபடியும் வெட்டப்படுகிறது. நடுவில் இருந்த மேட்டின் மேல் இன்னொரு மேடு ஏறுகிறது. வடித்த சோற்றை மறுபடி உலையில் போட்டது போலத்தான். பானைக்குள் இருந்து கேட்பது போன்ற அடைப்பு அங்கிருந்துதான் வந்தது.

இதற்கு வழி இரண்டு. மொடலரில் ஸ்பீக்கர் போலியை அணைத்துவிட்டு, அம்பிளிபயரின் பின்புறத்தில் ‘ரிட்டர்ன்’ என்று எழுதிய துளை இருந்தால் அதில் மாட்டலாம். அப்படிச் செய்தால் அம்பிளிபயரின் முதல் பகுதியைத் தாண்டி, வலு சேர்க்கும் பகுதிக்கும் உண்மையான கூம்புக்கும் ஒலி நேரே போகும். ஒரே வகை இசை, ஒரே வகைத் தொனி என்று வாசிப்பவருக்கு இது நல்ல வழி. செலவும் இல்லை. மேடையில் கால்சட்டையை அசைக்கும் அந்தக் காற்றும் கிடைக்கும். ஆனால் மொடலரில் நீங்கள் எந்த அம்பிளிபயரைத் தெரிவு செய்தாலும் கேட்பது அந்த ஒரே கூம்பின் குரல்தான். அக்கூஸ்டிக் கிற்றார் போன்ற தொனி எடுபடாது. அதன் வழியாகப் பாடவோ, பின்னணி இசையைப் போடவோ முடியாது.

மற்ற வழி, போலியை அப்படியே விட்டுவிட்டு, தன் பங்குக்கு எதையும் சேர்க்காத ஒரு ஸ்பீக்கரில் மாட்டுவது. தாழ்ந்த ஒலியில் இருந்து உயர்ந்த ஒலிவரை முழுவதையும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் எடுத்துத் தரும் ஸ்பீக்கர். உள்ளேயே வலுவூட்டும் பகுதியும் இருக்கும். இதைத்தான் ‘எஃப்.ஆர்.எஃப்.ஆர்.’ என்று விற்கிறார்கள். முழு வீச்சு, சமனான ஒலி என்பது அதன் பொருள். திருகோணமலையில் வாசிக்கும் பெரும்பாலானவர்களுக்கு இதுவே பொருந்தும் என்பது என் முடிவு. காலையில் பூசை, மாலையில் பைலா, இரவில் பழைய திரைப்பாடல் என்று ஒரே நாளில் மூன்று விதமாக வாசிப்பவர்கள் நாங்கள்.

சமனான ஒலி என்றால் என்ன என்பதை அதன் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்ப்பது எளிது. கோவில் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியைச் சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறோம். நாதஸ்வரம் ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும். தவிலைக் கவனியுங்கள். விரற்கூடு பட்டு வெடிக்கும் வலந்தலை மட்டும் கேட்கும். கம்பால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் கனம் வரவே வராது. கோவிலுக்குள் போய்த் தவில்காரர் அருகில் நின்றால் அந்தக் கனம் நெஞ்சில் இடிக்கும். குழாய் ஒலிபெருக்கி தன் வேலையை, தூரத்துக்குச் செய்தி சொல்வதை, மிக நன்றாகச் செய்கிறது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதனால் தர முடியாது, அவ்வளவுதான். சமனான ஸ்பீக்கர் என்பது வலந்தலையையும் தொப்பியையும் தவில்காரர் அடித்த அளவிலேயே தருவது.

கடையில் எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்ற எழுத்தைத் தேடி அலைய வேண்டாம். ஹெட்ரஷ் நிறுவனத்தின் 108, 112, லேனியின் எல்.எஃப்.ஆர். வரிசை போன்றவை அந்தப் பெயரோடு கிற்றார்காரருக்கென்றே வந்தவை. உள்ளே பார்த்தால் அவை மேடையில் பாடகருக்கு வைக்கும் பவர்ட் ஸ்பீக்கரின் சகோதரங்கள்தான்: தாழ்ந்த ஒலிக்கு ஒரு கூம்பு, உயர்ந்த ஒலிக்கு ஒரு கொம்பு, இரண்டையும் பிரித்து அனுப்ப ஒரு சுற்று. யமஹாவின் டி.எக்ஸ்.ஆர்., கியூ.எஸ்.சி.யின் கே வரிசை போன்ற மேடை ஸ்பீக்கர்களை உலகெங்கும் மொடலர்காரர்கள் விரும்பி வைத்திருக்கிறார்கள். ஃபெண்டரின் டோன் மாஸ்டர் எஃப்.ஆர். பெட்டிகள் பழைய அம்பிளிபயர் போன்ற தோற்றத்தோடும், தொனியை மாற்றும் குமிழ்களோடும் வருகின்றன. லைன் 6 பவர்கப் கிற்றார் ஸ்பீக்கர்களின் குணத்தைத் தானே நடித்துக் காட்டும். இவை நல்ல கருவிகள். ஆனால் எங்கள் ஊரில் இருந்துகொண்டு வாங்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது பழுதானால் யார் திருத்துவார்? கொழும்பில் உதிரிப்பாகம் கிடைக்கிற சாதாரண மேடை ஸ்பீக்கர், யாரும் திறந்து பார்த்திராத விசேஷப் பெட்டியை விட எனக்கு மேல்.

மேடை ஸ்பீக்கரை வாங்கினால் அதன் முதுகில் உள்ள தெரிவுகளைக் கட்டாயம் பாருங்கள். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தூக்கி, நடுவைத் தாழ்த்தும் அமைப்பு பலவற்றில் உண்டு. நடனப் பாட்டுக்கு அது கிறக்கமாக இருக்கும். கிற்றார் வாழ்வதோ நடுவில். யமஹா டி.எக்ஸ்.ஆரில் இதற்கு ‘டி-கொன்டூர்’ என்று பெயர்; அதை அணைத்து வையுங்கள். இந்த ஒரு பொத்தானால் நல்ல ஸ்பீக்கரைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள்.

எத்தனை அங்குலம்? கிற்றாரின் தடித்த கம்பி திறந்து ஒலிக்கும்போது ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். நல்ல 10 அங்குலம் அதைத் தாராளமாகத் தரும். பேஸ் கிற்றாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். அதையோ ட்ரம்ஸ் பதிவையோ அதே பெட்டியில் போடப் போகிறீர்கள் என்றால் 12. வீட்டுக்கும் சின்னக் கூட்டத்துக்கும் 8 போதும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். 15 அங்குலத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. பெரிய கூம்பு கிற்றாரின் நடுப்பகுதியில் தெளிவை இழக்கத் தொடங்கும் இடமும், கொம்பு பொறுப்பெடுக்கும் இடமும் நம் காது மிகவும் கூர்மையாக உள்ள பகுதிக்குள் வந்துவிடுகின்றன.

வோட் கணக்கில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 2,000 வோட் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது ஒரு கண உச்சம். தொடர்ந்து தாங்கும் வலு அதைவிட மிகக் குறைவு. அதோடு, வோட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது, சத்தத்தை அளக்கும் அலகில், 3 டெசிபெல் மட்டுமே. சத்தம் இரண்டு மடங்காகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதற்கு வோட் பத்து மடங்கு போக வேண்டும். 500 வோட்டும் 1,000 வோட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாதது இதனால்தான். “50 வோட் வால்வ் (வெற்றிடக் குழாய்) அம்பிளிபயர் காதைக் கிழிக்கிறதே, இதற்கு ஏன் நூற்றுக்கணக்கில்?” என்று கேட்பார்கள். கிற்றார் கூம்பு ஒரு வோட்டுக்கே ஒரு மீற்றர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபெல் வரை தரும். முழு வீச்சையும் தர வேண்டிய ஸ்பீக்கர் அந்த அளவு கொடுக்காது. ஈடுகட்ட வலு அதிகம் தேவை. ஆகவே வோட்டைத் தாண்டி, உச்ச சத்தம் எத்தனை டெசிபெல் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அதுவும் கணக்கிட்ட உச்சம்தான் என்றாலும், இரண்டு பெட்டிகளை ஒப்பிட வோட்டைவிட நேர்மையான எண்.

உப்புவெளிக் கடற்கரையில் வாசித்தவருக்கு இந்தக் கணக்கு உடலிலேயே தெரியும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறைகிறது. ஒரு மீற்றரில் 120 என்றால் 16 மீற்றரில் 96. திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. கீழே மணல் குடிக்கிறது. பக்கத்தில் அலை விடாமல் இரைகிறது. அதே பெட்டியைத் தரை ஓடு பதித்த திருமண மண்டபத்தில் வைத்தால் குமிழைப் பாதி திருப்பியதுமே சுவர்கள் எல்லாம் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் எங்கே அதிகம் வாசிக்கிறீர்கள் என்பதை வைத்து வலுவைத் தீர்மானியுங்கள். மண்டபத்தில் பெரிய ஒலி அமைப்பு இருந்து, உங்கள் மொடலரில் இருந்து இன்னொரு வயர் அதற்கும் போகிறது என்றால், உங்கள் பெட்டி உங்களுக்குக் கேட்டால் போதும்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நல்ல ஸ்பீக்கர் வாங்கியவரும் இதில்தான் மனம் உடைந்து போகிறார். 1933இல் பெல் ஆய்வுகூடத்தில் ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் வெளியிட்ட ஆய்வு, நம் காது எல்லா அளவிலும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை என்று காட்டியது. சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நமக்குக் குறைந்து கேட்கும். சத்தம் கூடக் கூட அவை எழுந்து வரும். இதை உங்கள் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். இரவு பத்து மணி. அம்மா உறங்கிவிட்டார். நீங்கள் மெல்லிய சத்தத்தில் தொனியைத் திருத்துகிறீர்கள். அடிக்கனம் போதாது போல் இருக்கிறது, கூட்டுகிறீர்கள். மினுக்கம் போதாது, அதையும் கூட்டுகிறீர்கள். அந்த அளவில் அது தேனாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ட்ரம்ஸுக்கு ஈடாகக் குமிழைத் திருப்பியதும், கூட்டிய அடி குமுறுகிறது, கூட்டிய மினுக்கம் காதில் ஊசியாகக் குத்துகிறது. ஸ்பீக்கரைக் குறை சொல்கிறோம். அது நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தந்தது.

எனக்கே இது நடந்திருக்கிறது. நான்கு இரவுகள் உட்கார்ந்து செதுக்கிய தொனியோடு ஒரு கடற்கரை விடுதிக்குப் போய், முதல் பாட்டிலேயே பேஸ் கிற்றார்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் வாசிக்க வேண்டிய இடமெல்லாம் என் அடிக்கனம் நிறைந்திருந்தது. இப்போது தொனியை மேடை அளவுச் சத்தத்தில் மட்டுமே அமைக்கிறேன். பகலில், பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அரை மணி நேரம். மொடலரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும், 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையும் வெட்டிவிடுகிறேன். உண்மையான கிற்றார் ஸ்பீக்கர் அங்கேயெல்லாம் அதிகம் பேசாது.

வைக்கும் இடமும் தொனியை மாற்றும். தரையில் வைத்தால் அடிக்கனம் ஏறும். சுவர் மூலையில் இன்னும் ஏறும். தாங்கியில் ஏற்றிக் காது மட்டத்துக்குக் கொண்டுவந்தால் தெளிவு கூடும், கனம் குறையும். அம்பிளிபயரை முழங்கால் உயரத்தில் வைத்து வாசித்துப் பழகியவர்களுக்கு, கொம்பு நேரே முகத்தைப் பார்க்கும்போது ஒலி கூராகத் தெரிவது இயல்பு. உண்மையில் அவர்கள் இத்தனை காலமும் தங்கள் ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் இருந்துதான் கேட்டிருக்கிறார்கள். கூம்பும் கொம்பும் ஒரே அச்சில் அமைந்த பெட்டிகள் மிக அருகில் நின்று வாசிப்பவருக்கு ஒட்டிய ஒலியைத் தரும். மேலே கொம்பும் கீழே கூம்புமாக இருப்பவை ஒன்றிரண்டு மீற்றர் தள்ளி நின்றால்தான் ஒன்றாகச் சேரும்.

கடைக்குப் போகும்போது உங்கள் மொடலரையும் உங்கள் கிற்றாரையும் கொண்டு போங்கள். கடைக்காரரின் கருவியில் வாசித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கிற்றாரை மாட்டுவதற்கு முன் நன்றாகப் பழகிய ஒரு பாடலைப் போடுங்கள். பாடகரின் குரல் முன்னால் நிற்கும் பாடலாக இருக்கட்டும். மனிதக் குரலில் பொய்யை நம் காது உடனே பிடித்துவிடும். குரல் மூக்கில் இருந்து வருவது போலவோ, நெஞ்சடைத்தது போலவோ இருந்தால் அந்தப் பெட்டி சமனானது அல்ல, விளம்பரம் என்ன சொன்னாலும். பிறகு இடமும் வலமும் நான்கைந்து எட்டு நடந்து கேளுங்கள். நேரே நிற்கும்போது இருந்த பிரகாசம் ஓர் எட்டு விலகியதும் அணைந்தால், சக கலைஞர்களுக்கு உங்கள் கிற்றார் கேட்காது.

இனி அந்தத் தம்பிக்கு வருவோம். “மாமாவிடம் ஸ்பீக்கரையும் கனடாவில் இருந்தே அனுப்பச் சொல்லவா, அண்ணா?” என்று கேட்டார். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். எங்களுடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மொடலர் சின்ன மின்னேற்றியில் ஓடுவதால் அவர் தப்பினார். பல மின்னேற்றிகள் இரண்டையும் தாங்கும். பெரிய ஸ்பீக்கரில் அந்த நம்பிக்கை வைக்கக் கூடாது. பின் தகட்டில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் சரி. 120 மட்டும் என்று இருந்தால், சுவரில் மாட்டிய கணத்திலேயே உள்ளே எரிந்துவிடலாம். மாமாவிடம் சொல்லி பின் தகட்டின் படத்தை எடுத்து அனுப்பச் செய்தோம். அவர் பார்த்துவைத்திருந்த பெட்டியில் 120 மட்டும்தான் இருந்தது.

அதனால் தம்பி கொழும்பில் ஒருவர் பாவித்த 10 அங்குல மேடை ஸ்பீக்கரை வாங்கி, சேலையில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தார். எங்கள் கடற்காற்று உலோகத்தை விடாது என்பதால், துளைகளைத் துடைத்து, வாசிக்காத நேரத்தில் மூடிவைக்கத் துணி உறை ஒன்றை அம்மா தைத்துக் கொடுத்திருக்கிறார். விறாந்தையில் வைத்து, கொன்டூரை அணைத்து, மொடலரில் ஸ்பீக்கர் போலியை மறுபடி திறந்து, தடித்த கம்பியை ஒரு முறை தட்டினார். வீட்டு யன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. அவர் குனிந்து, கீழ் வெட்டை 90 ஹெர்ட்ஸுக்கு நகர்த்திவிட்டு, மறுபடி தட்டினார்.